நாலு பேர்தான் பார்ப்பார்கள் என்றாலும் எடுத்த வேலையை முடிப்பது எப்படி?

சம்பளத்துக்கு ஒரு வேலை பார்த்துக்கொண்டு, மிச்ச நேரத்தில் வரைகிறவர்கள், கதை எழுதுகிறவர்கள், பாட்டிமார்களிடம் பாட்டுக் கேட்டுப் பதிவு செய்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். எங்கள் தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் இப்படி ஆரம்பித்துப் பாதியில் நிற்கும் வேலைகள் ஏராளம். திறமை இல்லாமல் நிற்கவில்லை. “நல்லா இருக்கு, ஆனா இதை யாரு பாக்கப் போறாங்க?” என்று யாராவது ஒருவர் கேட்டுவிடுகிறார். அதற்குப் பதில் தெரியாமல் நோட்டு பரணுக்குப் போய்விடுகிறது.

எனக்கு ஓசூரில் ஷிஃப்ட் வேலை, வீடு காவேரிப்பட்டணம். எங்கள் பக்கத்து நடுகற்களை, அதாவது இறந்த வீரர்களின் நினைவாக நட்ட கற்களை, கோட்டோவியமாக வரைந்து ஒரு சிறு புத்தகமாக்கினேன். வருடக்கணக்கில் இழுத்த வேலை. அதைக் கடைசியில் நகர்த்தியது உற்சாகம் இல்லை. முடிந்ததும் பிரதி எங்கே போகும், யார் கையில் சேரும் என்று தெரிந்த பிறகுதான் உட்கார்ந்து வரைய மனசு வந்தது. எந்த அலுவலகத்துக்கு என்ன தாள், எதற்குக் காசு, எது இலவசம் என்பதைத் துண்டு துண்டாகக் கேட்டுத் தெரிந்துகொள்ளவே நீண்ட நாள் போனது. அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம்.

நான் புத்தகத்தை வைத்துச் சொல்கிறேன். உங்களுடையது பாட்டுத் தொகுப்போ குறும்படமோ என்றால் அச்சு சம்பந்தப்பட்ட பகுதியை விட்டுவிட்டு மற்றதை எடுத்துக்கொள்ளுங்கள். முழுதாக ஒரு வருடம் ஒதுக்குங்கள். செலவில் பெரும்பங்கு அச்சுக்குத்தான். அரசாங்கக் காரியங்களில் முக்கியமானவை இலவசம்.

1. ‘முடிந்தது’ என்றால் என்ன என்று ஒரே வரியில் எழுதுங்கள்

மற்ற எதையும் செய்யாவிட்டாலும் இதைச் செய்யுங்கள். என்னுடைய வரி இது: “ஊத்தங்கரை, போச்சம்பள்ளி வட்டங்கள், 40 நடுகல், கல்லுக்கு ஒரு படம், எதிர்ப்பக்கத்தில் ஒரு பத்தி, மொத்தம் 96 பக்கம்.” இதை அட்டையில் எழுதி மேசைக்கு மேலே ஒட்டிவைத்தேன்.

வட்டத்தின் பெயரைப் போட்டதற்குக் காரணம் இருக்கிறது. தர்மபுரி, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலை மாவட்டங்கள் தமிழ்நாட்டிலேயே நடுகற்கள் மிகுதியாகக் கிடைத்த பகுதி. ‘மாவட்டம் முழுக்க’ என்று கிளம்பினால் அதற்குக் கரையே கிடையாது. ஒரு கொட்டாயில் (எங்கள் பக்கம் சிற்றூரை இப்படிச் சொல்வோம்) ஒரு கல்லைப் பார்த்து முடிப்பதற்குள், “அந்தக் கரட்டுக்குப் பின்னால இன்னொன்னு இருக்குதுங்க” என்று ஒருவர் சொல்வார். அவர் சொல்வது உண்மையாகவும் இருக்கும். ஊர்ப் பாட்டு சேகரிக்கிறவருக்கும் இதே கதிதான், பழமொழி சேகரிக்கிறவருக்கும் இதே கதிதான். ஒரு வட்டம், ஒரு ஏரிப்பாசனம், ஒரு சந்தை, ஒரு குலதெய்வம் என்று வேலி போடுங்கள். வேலிக்கு வெளியே கிடைப்பதைத் தனி நோட்டில் குறித்து வையுங்கள். அது அடுத்த வேலை.

எண்ணிக்கையையும் கண்மூடித்தனமாகப் போடாதீர்கள். அச்சகத்தில் 16 பக்கத்தை ஒரு ஃபாரம் என்பார்கள். 40 படம், 40 பத்தி சேர்த்து 80 பக்கம். முன்னுரை, ஊர்ப்பட்டியல், நன்றி எல்லாம் 16 பக்கம். ஆக 96, சரியாக 6 ஃபாரம். பக்கம் 99 என்று வந்தால் அந்த 3 பக்கத்துக்காக இன்னொரு ஃபாரம் ஓட்ட வேண்டிவரும். இந்தக் கணக்கு தெரிந்ததும் “இன்னும் 10 கல் சேர்த்தால் என்ன” என்ற ஆசையும் அடங்கும்.

2. ஐந்து பேரின் பெயரை எழுதுங்கள்

‘வாசகர்கள்’ என்று பொதுவாக நினைத்தால் யாரும் இல்லாதது போலத்தான் தோன்றும். பெயராக எழுதினால் ஆட்கள் வந்துவிடுவார்கள். உங்கள் வேலை யாருடைய வாழ்க்கையைத் தொடுகிறதோ அவர்களிலிருந்து தொடங்குங்கள். என் பட்டியலில் ஒரு பூசாரி, கல் நிற்கும் கொல்லைக்குச் சொந்தக்காரர் ஒருவர், ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர், பெங்களூருக்கு வேலைக்குப் போய்விட்ட அந்த ஊர்ப் பையன் ஒருவன், அருங்காட்சியகத்தில் வேலை பார்ப்பவர் ஒருவர்.

எங்கள் பக்கம் பல நடுகற்களை வேடியப்பன் என்று கும்பிடுகிறார்கள். மஞ்சளும் எண்ணெயும் தலைமுறை தலைமுறையாகப் பூசிப் பூசி, கல்லில் உருவமே மங்கிப்போயிருக்கும். காலை வெயில் சாய்வாக விழும்போது உட்கார்ந்து பார்த்தால்தான் கோடு தெரியும். அப்படி வரைந்த ஒரு படத்தை வருடா வருடம் அங்கே பொங்கல் வைக்கிற அம்மா ஒருவரிடம் காட்டினேன். “எங்க சாமி கையில வில்லு இருக்குதா!” என்றார். பிறகு வீட்டில் இருந்த எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினார். அந்தப் படத்துக்கு அதைவிடப் பெரிய வாசகர் கூட்டம் எனக்குத் தேவைப்படவில்லை.

ஆகவே வேலை நடக்கும்போதே, மாதம் ஒரு முறை, பட்டியலில் உள்ள ஒருவரிடம் நேரில் கொண்டுபோய்க் காட்டுங்கள். செல்பேசியில் அனுப்புவது இதற்கு ஈடாகாது. அனுப்பினால் ஒரு கட்டைவிரல் படம் திரும்பி வரும், அவ்வளவுதான். நேரில் காட்டினால் கேள்வி வரும், திருத்தம் வரும், “அப்புறம் என்னாச்சு, முடிச்சுட்டீங்களா?” என்று அடுத்த தடவை அவரே கேட்பார்.

ஒரு எச்சரிக்கை. வீட்டில் இருப்பவர்களை இந்தப் பட்டியலில் போடாதீர்கள். அவர்கள் உங்கள் தூக்கத்தையும் செலவையும் பார்க்கிறவர்கள். அவர்களுக்குக் கவலைதான் முதலில் வரும். அதில் தப்பும் இல்லை.

3. வருடத்தை எங்கள் ஊர்ப் பருவத்தோடு பிரியுங்கள்

வெளியே அலைகிற வேலையாக இருந்தால் தை முதல் பங்குனி வரைதான் நல்ல காலம். அதற்கு முன்னால் கேழ்வரகும் துவரையும் அவரையும் நிற்கிற கொல்லைக்குள் கால் வைக்க முடியாது, வைக்கவும் கூடாது. அறுவடை முடிந்தால் கல் இருக்கிற இடத்துக்கு நேராக நடந்து போகலாம். சித்திரை, வைகாசியில் காலை 9 மணிக்கு மேல் கரட்டுப் பக்கம் போகாதீர்கள். அது வீட்டுக்குள் உட்கார்ந்து வரைகிற, தட்டச்சு செய்கிற காலம். மாங்காய் சீசனில் ஊரில் யாருக்கும் உங்களோடு பேச நேரம் இருக்காது. பேட்டி எடுக்கிறவர்கள் அந்த மாதங்களைக் கணக்கில் சேர்க்காதீர்கள். ஆடி, ஆவணியில் பக்க வடிவமைப்பு, புரட்டாசியில் பிழை திருத்தம், அதன் பிறகு அச்சு.

வாரத்தில் எவ்வளவு நேரம்? ஷிஃப்ட் வேலை பார்க்கிறவர்கள் ‘ஞாயிற்றுக்கிழமை’ என்று கிழமையைப் பிடித்தால் நிற்காது. ஷிஃப்டைப் பிடியுங்கள். மதியம் 2 மணிக்குத் தொடங்கும் ஷிஃப்ட் வாரத்தில் காலை 7 முதல் 9 வரை எனக்கு வரையும் நேரம். காலை ஷிஃப்ட் வாரத்தில் சாயங்காலம் ஒரு மணி நேரம் தட்டச்சு மட்டும். இரவு ஷிஃப்ட் வாரத்தில் எதுவும் கிடையாது, தூங்க வேண்டும். இரவு வேலை முடித்து வந்து வரைந்த கோடு எப்படியும் மறுபடி வரைய வேண்டியதாகத்தான் இருக்கும்.

மனசு வராத நாளும் வரும். அன்றைக்கு மூளை தேவைப்படாத ஒரு வேலையை ஒதுக்கி வைத்திருங்கள்: படங்களுக்கு எண் போடுவது, ஊர்ப் பெயர்களின் எழுத்துக்கூட்டலைச் சரிபார்ப்பது, ஸ்கேன் செய்வது. உட்கார்ந்து அதைத் தொட்டாலே பாதி நாட்களில் மற்றதும் நடந்துவிடும். நடக்காவிட்டாலும் ஒரு சின்ன வேலை குறைந்தது.

4. அனுமதியும் காகிதமும்

இதைத் தள்ளிப்போட்டவர்கள் கடைசியில் அச்சுக்கு முன்னால் மாட்டிக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். ஆரம்பத்திலேயே முடித்துவிடுங்கள்.

தனியார் கொல்லை என்றால் சொந்தக்காரரிடம் வாய்ச்சொல் போதும். ஆனாலும் அவர் பெயரைப் புத்தகத்தில் போடலாமா என்று கேட்டு, ஒரு தாளில் இரண்டு வரி எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். கோயில் என்றால் பூசாரியையும் ஊர்ப் பெரியவர்களையும் கேளுங்கள். அறநிலையத் துறை நிர்வாகத்தில் உள்ள கோயிலானால் செயல் அலுவலருக்குக் கடிதம் கொடுங்கள். கடிதத்தில் உங்கள் பெயர், முகவரி, என்ன செய்யப்போகிறீர்கள், எந்த நாட்கள், விற்பனைக்கா இல்லையா என்பது இருக்கட்டும். கூடவே ஆதார் நகல். இரண்டு பிரதி கொண்டுபோய், ஒன்றில் பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கி வையுங்கள்.

கிருஷ்ணகிரிக் கோட்டை, ராயக்கோட்டைக் கோட்டை போன்ற மத்தியத் தொல்லியல் துறைப் பாதுகாப்பு இடங்களில் கையில் பிடித்துப் படம் எடுப்பது வேறு, ஸ்டாண்டும் விளக்கும் வைத்து எடுப்பது வேறு. இரண்டாவதற்கு முன் அனுமதி வேண்டும்.

காடு என்றால் வனத்துறை அனுமதி இல்லாமல் உள்ளே போகாதீர்கள். தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி, பென்னாகரம் பக்கத்துக் காடுகளில் யானை நடமாட்டம் உண்டு. காவிரி வடக்கு வனவிலங்குச் சரணாலயமும், 2022இல் அறிவிக்கப்பட்ட காவிரி தெற்கு வனவிலங்குச் சரணாலயமும் இந்தப் பகுதியில்தான் இருக்கின்றன. மாவட்ட வன அலுவலருக்கு விண்ணப்பம் கொடுத்துவிட்டு, பதில் வரும்வரை ஊருக்குள் இருக்கும் கற்களைப் பாருங்கள்.

பாட்டு, கதை பதிவு செய்கிறவர்கள் பாடுகிறவரிடம் இரண்டு கேள்விகளைத் தனித்தனியாகக் கேட்க வேண்டும்: பதிவு செய்யலாமா? வெளியிடலாமா? முதலாவதற்குச் சரி என்றவர் இரண்டாவதற்கு வேண்டாம் எனலாம். எழுதத் தெரியாதவர் என்றால், பதிவின் தொடக்கத்திலேயே அவர் குரலில் சம்மதத்தைப் பேசச் சொல்லி வையுங்கள்.

கல் வரைகிறவர்களுக்குத் தனியாக ஒன்று. எழுத்தோ உருவமோ தெளிவாகத் தெரிய வேண்டும் என்று சாக்கட்டி தடவுவது, எண்ணெய் ஊற்றுவது, கம்பி பிரஷ் போட்டுத் தேய்ப்பது எதுவும் கூடாது. போன கோடு திரும்ப வராது. அதிகாலையும் சாயங்காலமும் பக்கவாட்டில் விழுகிற வெயிலே போதும். வட்டெழுத்து (தமிழின் பழைய எழுத்து வடிவம்) இருந்தால் நீங்களாகப் படித்துப் பொருள் எழுதாமல், படித்தவர்களிடம் படத்தைக் காட்டிக் கேட்டு எழுதுங்கள். தர்மபுரி அரசு அருங்காட்சியகத்திலேயே நடுகற்கள் இருக்கின்றன. முதலில் அங்கே போய்க் கண்ணைப் பழக்கிக்கொண்டால், வெளியே பார்க்கும்போது வில் எது, குறுவாள் எது, உடம்பில் தைத்த அம்பு எது என்று பிடிபடும். வெள்ளிக்கிழமை விடுமுறை, கவனம்.

இன்னொரு யோசனை: புத்தகத்தில் ஊர்ப் பெயரோடு நிறுத்துங்கள். செல்பேசி காட்டும் துல்லியமான இடக்குறிப்பை அச்சிடாதீர்கள். அது திருட்டுக்கு வழிகாட்டிவிடும். அந்தப் பட்டியலைத் தனியாக அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிடலாம்.

5. சேர்ப்பதை நிறுத்தும் தேதி

நாள்காட்டியில் ஒரு தேதியைக் குறியுங்கள். எனக்கு அது பங்குனிக் கடைசி. அதற்குப் பிறகு எவ்வளவு நல்லது கிடைத்தாலும் இந்தப் புத்தகத்தில் இல்லை. 40க்கு 36தான் தேறியது என்றால் 36ஓடு முன்னே போங்கள். பக்கக் கணக்கை மட்டும் மாற்றினால் போதும். வாசகர் எண்ணிப் பார்க்கப்போவதில்லை. விட்டுப்போனது உங்களுக்கு மட்டும்தான் தெரியும்.

6. கோப்பு தயாரிப்பு

கோட்டோவியத்தைச் செல்பேசியில் படம் பிடித்து அச்சுக்குக் கொடுக்காதீர்கள். கோடு மங்கி, ஓரம் வளையும். நல்ல ஸ்கேனர் உள்ள கடையில் கறுப்பு வெள்ளைக் கோட்டுப் படத்துக்கு அங்குலத்துக்கு 600 புள்ளித் துல்லியம், புகைப்படத்துக்கு 300 என்று கேட்டு வாங்குங்கள். கடைக்காரர்கள் வழக்கமாக வைத்திருப்பது இதைவிடக் குறைவாக இருக்கும். பென்டிரைவ் கொண்டுபோங்கள். படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னால் அது தரத்தைக் குறைத்துவிடும்.

எழுத்துரு விஷயத்தில்தான் நிறையப் பேருக்கு வேலை கெடுகிறது. நீங்கள் யூனிகோடில் தட்டச்சு செய்திருப்பீர்கள். அச்சகத்தில் பழைய மென்பொருளில் பழைய எழுத்துருவுக்கு மாற்றுவார்கள். மாற்றும்போது கொம்பும் காலும் இடம் மாறும், ‘ஸ்ரீ’ உடையும், மேற்கோள் குறி வேறெதுவாகவோ ஆகும். பிழை திருத்தம் எல்லாம் முடித்த பிறகு இது நடந்தால் மறுபடி முதல் பக்கத்திலிருந்து படிக்க வேண்டும். தப்பிக்க வழி: பக்க வடிவமைப்பை நீங்களே யூனிகோடில் முடித்து, எழுத்துரு உள்ளே பதிந்த பிடிஎஃப் கோப்பாகக் கொடுங்கள். லிப்ரே ஆஃபிஸ் ரைட்டரே ஒரு சிறு புத்தகத்துக்குப் போதும். ஸ்கிரைபஸ் கற்றுக்கொண்டால் இன்னும் நல்லது. இரண்டும் இலவசம். நோட்டோ தமிழ், மீரா இனிமை போன்ற எழுத்துருக்களும் இலவசமாகப் பயன்படுத்தக் கூடியவை.

பிழை திருத்தத்தைத் திரையில் செய்யாதீர்கள். தாளில் எடுத்து, இரண்டு பேர் படிக்க வேண்டும். ஒருவர் நீங்கள் எழுதிய ஊரைச் சேர்ந்தவராக இருக்கட்டும். ஊர்ப் பெயரில் வரும் பிழையை அவரால் மட்டும்தான் பிடிக்க முடியும்.

7. அச்சு: எப்படி விலை கேட்பது

‘ஒரு புத்தகம் போட எவ்வளவு ஆகும்?’ என்று கேட்டால் ஆளுக்கு ஒரு விலை சொல்வார்கள், ஒப்பிடவே முடியாது. தாளில் இப்படி எழுதிக் கொடுங்கள்: டெமி அளவு, 96 பக்கம், உள்ளே கறுப்பு வெள்ளை, 100 ஜிஎஸ்எம் மேப்லித்தோ, அட்டை 300 ஜிஎஸ்எம் ஆர்ட் போர்டு, பல வண்ணம், மேட் லேமினேஷன், பர்ஃபெக்ட் பைண்டிங், 50 பிரதி. தர்மபுரியிலோ கிருஷ்ணகிரியிலோ ஒன்று, சேலத்தில் ஒன்று, சென்னையில் ஒன்று என மூன்று இடத்தில் இதே தாளைக் கொடுத்து விலை வாங்குங்கள். லாரிச் செலவு, வரி உள்ளடக்கமா என்று கேளுங்கள். ஜிஎஸ்எம் என்பது தாளின் எடையைச் சொல்லும் அளவு. படம் இல்லாத புத்தகமானால் 70 ஜிஎஸ்எம் போதும். கோட்டோவியத்துக்குத் தாள் மெலிந்தால் பின்பக்கக் கோடு தெரியும்.

50, 100 பிரதிக்கு டிஜிட்டல் அச்சுதான் கட்டும். ஆஃப்செட்டில் பிளேட் செலவு முதலிலேயே விழுந்துவிடுவதால் சில நூறு பிரதிக்கு மேல் போனால்தான் பிரதி விலை குறையும். “இன்னும் கொஞ்சம் போட்டா 500 பிரதி வந்துடும்” என்ற பேச்சில் விழாதீர்கள். பிரதி விலை குறையும், உங்கள் கட்டிலுக்கு அடியில் 400 பிரதி சேரும். அடுத்த வேலையைத் தொடங்கும் தெம்பை அந்தக் கட்டுகளே எடுத்துவிடும்.

எத்தனை பிரதி என்பதைக் கொடுக்கப் போகிறவர்களை எண்ணி முடிவு செய்யுங்கள். உங்கள் ஐவர், உதவியவர்கள், நூலகங்கள், ஊர்ப் பள்ளிகள். அதோடு ஒரு 15 சேர்த்துக்கொள்ளுங்கள். பிரதிக்கு 120 ரூபாய் என்று விலை வந்தது என்று வையுங்கள், 50 பிரதிக்கு 6,000 ரூபாய். இதை மாதம் 500 வீதம் அஞ்சலகச் சேமிப்பில் போட்டால் ஒரு வருடத்தில் கையில் இருக்கும். நகை அடகு, கைமாற்று எதுவும் வேண்டாம். கடன் வாங்கிப் போட்ட புத்தகம் விற்றே ஆக வேண்டும் என்று ஆகிவிடும். இந்த வேலைக்கு அந்தப் பாரம் ஆகாது.

முழு அச்சுக்கு முன் ஒரு மாதிரிப் பிரதி கட்டாயம் கேளுங்கள். காசு கொடுத்தாவது வாங்குங்கள். முழுத் தொகையையும் முன்பணமாகக் கேட்கும் இடத்தில் கொடுக்காதீர்கள்.

8. ஐ.எஸ்.பி.என்., பதிப்புரிமை

ஒவ்வொரு நூலுக்கும் அடையாளமாகத் தரப்படும் 13 இலக்க ஐ.எஸ்.பி.என். எண்ணை இந்தியாவில் கல்வி அமைச்சகத்தின் கீழ் இயங்கும் ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை இலவசமாகத் தருகிறது. சொந்தமாக வெளியிடும் ஆசிரியரும் அதன் இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம். அடையாள அட்டை, முகவரிச் சான்று, புத்தகத்தின் தலைப்புப் பக்கம், அட்டை மாதிரி ஆகியவற்றைத் தயாராக ஸ்கேன் செய்து வையுங்கள். அடையாள அட்டையில் உள்ள பெயரும் விண்ணப்பத்தில் உள்ள பெயரும் எழுத்து மாறாமல் இருக்க வேண்டும். புனைபெயரில் எழுதுகிறவர்கள் இதைக் கவனியுங்கள். உடனே கிடைத்துவிடும் என்று நம்பி அச்சுத் தேதி குறிக்காதீர்கள். ஒன்றரை, இரண்டு மாதம் இடைவெளி விட்டு விண்ணப்பியுங்கள். இதற்கென்று ஆயிரக்கணக்கில் கேட்கும் இடைத்தரகர்களுக்கு ஒரு ரூபாய்கூடத் தர வேண்டாம்.

எண் இல்லாமல் புத்தகம் போடுவது குற்றமில்லை. ஆனாலும் வாங்குங்கள். பட்டியலில் உங்கள் நூலுக்கு ஓர் இடம் கிடைக்கிறது. தவிர, விண்ணப்பித்துவிட்டால் வேலை பாதியில் நிற்காது. இது நான் அனுபவத்தில் கண்டது.

பதிப்புரிமைப் பதிவு வேறு சங்கதி. படைப்பு உருவான கணமே உரிமை உங்களுடையது, பதிவு கட்டாயமில்லை. பதிவதானால் இலக்கியப் படைப்புக்குக் கட்டணம் 500 ரூபாய். விண்ணப்பித்த பிறகு ஆட்சேபத்துக்காக 30 நாள் காத்திருப்பு, அதன் பிறகுதான் பரிசீலனை. 50 பிரதிப் புத்தகத்துக்கு இது தேவையில்லை என்பது என் கருத்து. அந்த 500 ரூபாய்க்கு நாலு பிரதி கூடுதலாக அடிக்கலாம்.

9. பிரதி போய்ச் சேரும் இடங்கள்

எனக்கு இந்த வேலையில் மிகப் பிடித்த கட்டம் இது. 1954ஆம் ஆண்டின் நூல் வழங்கல் சட்டப்படி, புத்தகம் வெளியிடுகிறவர் வெளியான 30 நாளுக்குள் தம் செலவில் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும், சென்னை கன்னிமாரா பொது நூலகம், மும்பை ஏசியாட்டிக் சொசைட்டி நூலகம், டெல்லி பொது நூலகம் ஆகியவற்றுக்கும் ஒவ்வொரு பிரதி அனுப்ப வேண்டும். பெரிய பதிப்பகத்துக்கு மட்டுமில்லை, சொந்தமாக 50 பிரதி போடுகிற உங்களுக்கும் இது பொருந்தும். பலருக்கு இது சுமையாகத் தெரிகிறது. ஊத்தங்கரைப் பக்கத்து ஒரு கொட்டாயின் சாமி கொல்கத்தாவில் ஓர் அலமாரியில் பத்திரமாக இருக்கும் என்பது எனக்குப் பெரிய விஷயமாகத் தெரிந்தது. ‘யார் பார்ப்பார்கள்’ என்ற கேள்விக்கு இன்றைக்குப் பதில் இல்லாவிட்டாலும், ஐம்பது வருடம் கழித்துத் தேடி வருகிறவருக்கு ஒரு பிரதி அங்கே இருக்கிறது.

செலவு அதிகமில்லை. அஞ்சல் துறை 2025 மே மாதம் தொடங்கிய ‘ஞான் போஸ்ட்’ சேவையில் 300 கிராம் வரை 20 ரூபாய், 5 கிலோவுக்கு 100 ரூபாய், வரி தனி. மேலே சொன்ன 96 பக்கப் புத்தகம் உறையோடு சேர்த்தும் 300 கிராமுக்குள் அடங்கும். நாலு நூலகத்துக்கும் வரியோடு நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும். புத்தகத்தில் அச்சிட்டவர் அல்லது வெளியிட்டவர் பெயர் இருக்க வேண்டும், ஆகவே உரிமைப் பக்கத்தை வெறுமையாக விடாதீர்கள். கவுண்டரில் ‘ஞான் போஸ்ட்’ என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். சொல்லாவிட்டால் விரைவு அஞ்சலில் போட்டுவிடுவார்கள். கண்காணிப்பு எண் உள்ள ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். ஒவ்வொரு பொட்டலத்திலும் நூல் பெயர், ஆசிரியர், வெளியான தேதி, விலை, பக்கம் எழுதிய ஒரு கடிதம் வையுங்கள். பெற்றுக்கொண்டதற்குப் பதில் அனுப்பக் கேட்டு எழுதுங்கள்.

அடுத்து தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட மைய நூலகங்கள், உங்கள் ஊர்க் கிளை நூலகம், நீங்கள் போன ஊர்களின் அரசுப் பள்ளிகள். நேரில் கொண்டுபோய்க் கொடுங்கள். அரசு நூலகங்கள் மொத்தமாக விலைக்கு வாங்குவது தனி நடைமுறை. அதை நம்பிப் பிரதி அடிக்காதீர்கள்.

இரண்டு மாவட்டத்திலும் புத்தகத் திருவிழா நடக்கிறது. மாதம் வருடத்துக்கு வருடம் மாறும், விசாரித்துக்கொள்ளுங்கள். தனி அரங்கு எடுப்பது ஒற்றைப் புத்தகத்துக்குக் கட்டாது. தெரிந்த விற்பனையாளரிடம் 10 பிரதி வைக்கச் சொல்லுங்கள். விற்பனையாளர் எடுத்துக்கொள்ளும் கழிவு மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாது என்று வைத்து விலை போடுங்கள். விற்காத பிரதியை எப்போது திரும்ப எடுப்பது என்பதையும் அன்றே பேசிவிடுங்கள்.

வெளியீட்டு விழா மண்டபத்தில் வேண்டாம். நான் வேடியப்பனுக்குப் பொங்கல் வைக்கிற நாளில் அங்கேயே கொண்டுபோய்க் கொடுத்தேன். பாட்டுத் தொகுத்தவர்கள் பாடியவர் வீட்டுத் திண்ணையில் வைத்துக் கொடுக்கலாம். முதல் பிரதி அவருக்கு.

10. இலவச மின்பதிப்பு

விற்பனை பெரிதில்லை என்று முடிவான பிறகு மின்பதிப்பைப் பூட்டி வைப்பதில் அர்த்தமில்லை. மற்றவர்கள் நிபந்தனையோடு இலவசமாகப் பயன்படுத்த அனுமதிக்கும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியிட்டால் ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் போன்ற தன்னார்வத் திட்டங்கள் மின்னூலாக்க உதவுகின்றன. இன்டர்நெட் ஆர்க்கைவில் நீங்களே ஏற்றலாம். படங்களை விக்கிமீடியா பொதுவகத்தில் ஏற்றினால் விக்கிப்பீடியாக் கட்டுரைகளில் யாரும் பயன்படுத்தலாம். ஆனால் ‘வணிகப் பயன்பாடு கூடாது’ என்ற நிபந்தனையோடு கொடுப்பதைப் பொதுவகம் ஏற்காது. எந்த உரிமம் என்பதை யோசித்து முடிவு செய்யுங்கள், கொடுத்த உரிமத்தைத் திரும்பப் பெற முடியாது. பாட்டு, பேட்டி என்றால் பாடியவரின் சம்மதம் இணையத்தில் போடுவதற்கும் சேர்த்தா என்பதை 4ஆம் படியில் வாங்கிய தாளில் மறுபடி பாருங்கள்.

மூலப் படங்கள், ஸ்கேன், பிடிஎஃப், சம்மதக் கடிதங்களின் நகல் ஆகியவற்றை இரண்டு இடத்தில் வையுங்கள். ஒன்று உங்கள் வீட்டில், இன்னொன்று வேறு ஊரில் இருக்கும் உறவினர் வீட்டில்.

புத்தகம் கைக்குப் போன பிறகுதான் திருத்தங்கள் வரத் தொடங்கும். “இந்தக் கல்லுக்கு வேற பேருங்க”, “இது எங்க பாட்டன் காலத்துல ஏரிக்கரையில இருந்துச்சு” என்று வந்து சொல்வார்கள். உங்கள் பிரதி ஒன்றை எடுத்து, அட்டையில் ‘திருத்தப் பிரதி’ என்று எழுதி, சொன்னவர் பெயரோடு அந்தந்தப் பக்கத்தில் பென்சிலில் குறித்து வாருங்கள். மின்பதிப்பில் வருடத்துக்கு ஒரு முறை சேர்த்தால் போதும். வேலிக்கு வெளியே குறித்த அந்தத் தனி நோட்டை அப்போது எடுத்துக்கொள்ளலாம்.